வரப்போரத்துக் காட்டுக் கொடிகளும் பயறுகளின் நோய் எதிர்ப்பும்

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் வட்டாரத்தில் நெடுங்காலமாக விவசாயம் செய்துவருபவர்களிடம், ஒரு வைரஸ் நோய் பயிரை என்ன செய்யும் என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விருப்பாச்சி மலைவாழை முடிக்கொத்து நோய்க்கு இரையாகித் தோட்டம் தோட்டமாக அழிந்ததை அந்த மலை பார்த்திருக்கிறது. நோய் கண்ட மரத்தில் இலைகள் குறுகி, விளிம்பு வெளிறி, நுனியில் கொத்தாக நெருக்கியடித்து நிற்கும். குலை தள்ளாது, தள்ளினாலும் சந்தைக்கு உதவாது. வெட்டிப் புதைப்பதைத் தவிர அன்று வேறு வழி இருக்கவில்லை. பின்னாளில் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகள் வந்த பிறகே மலைவாழை ஓரளவு தலைதூக்கியது.

மலையிலிருந்து இறங்கி ஒட்டன்சத்திரம், பழனி, வத்தலக்குண்டு பக்கத்துச் சமவெளிக்கு வந்தால், அங்கே உளுந்தும் பாசிப்பயறும் துவரையும் மொச்சையும் விளைகின்றன. இவற்றையும் வைரஸ் நோய்கள் தாக்குகின்றன. ஆனால் வாழைக்கு உதவிய வழி இவற்றுக்கு உதவாது. வாழையில் நோய் பெரும்பாலும் பக்கக் கன்றோடு புதுத் தோட்டத்துக்கு வந்து சேர்கிறது. ஆகவே கன்று சுத்தமாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. உளுந்திலோ, விதை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நோய் வெள்ளை ஈயின் உடலுக்குள் இருந்தபடி ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகப் பறந்து வருகிறது. செடியே எதிர்த்து நின்றால்தான் உண்டு. அந்த எதிர்க்கும் திறன் நம் பயறுகளுக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், பல நேரங்களில் அது வரப்போரத்திலும் புல்வெளியிலும் தானாக முளைத்துக் கிடக்கும் காட்டுக் கொடிகளில் போய் முடிகிறது. களை என்று பிடுங்கி எறியப்படும் அந்தக் கொடிகளின் மதிப்பு நம் மலைப்பகுதிகளில் போதிய அளவு உணரப்படவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் மஞ்சள் தேமல் நோயை எடுத்துக்கொள்வோம். இளம் இலையில் ஊசி முனை அளவுக்கு மஞ்சள் புள்ளிகள் சிதறித் தோன்றும். அடுத்து விரியும் மூவிலையில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுப் படியும். அதற்கடுத்த இலை முழுவதுமே மஞ்சளாக விரியும். செடி குட்டையாகும், பூ குறையும், காய் சிறுத்து மஞ்சளாகி வளையும், உள்ளே மணிகள் சுருங்கியிருக்கும். விதைத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் நோய் பிடித்துவிட்டால், அந்த வயலில் அறுக்க ஒன்றுமே மிஞ்சாமல் போவதும் உண்டு. வெள்ளை ஈ நோயுற்ற இலையில் சில நிமிடங்கள் சாறு உறிஞ்சினாலே வைரஸ் அதன் உடலுக்குள் சென்றுவிடுகிறது. பிறகு அந்த ஈ உட்காரும் ஒவ்வொரு செடிக்கும் அது கடத்தப்படுகிறது. மருந்து தெளித்து ஈயைக் குறைக்கலாம், ஆனால் பக்கத்து வயலிலிருந்து நாளைக்கே வேறு ஈக்கள் வரும். அந்த ஈ மருந்துபட்டு விழுவதற்குள் தன் வேலையை முடித்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. மஞ்சள் தேமல் என்று ஒரே பெயரால் நாம் சொல்லும் இந்த நோயை உண்டாக்குபவை நெருங்கிய உறவுடைய இரு வைரஸ்கள். வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் ஒன்று மேலோங்கி நிற்கிறது, தென்னிந்தியாவில் மற்றொன்று. இதனால் கான்பூரில் எதிர்த்து நின்ற செடி புதுக்கோட்டையில் மஞ்சளாகிப் போகக்கூடும். வடக்கே வெளியான நல்ல இரகத்தைக் கொண்டுவந்து இங்கே விதைத்தால் போதும் என்று இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டு மண்ணில், தமிழ்நாட்டு வெள்ளை ஈக்களின் நடுவே சோதித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தச் சோதனைக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது புதுக்கோட்டை மாவட்டத்தின் வம்பன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் அங்கே இருக்கிறது. கோடையில் அந்த வயல்களில் வெள்ளை ஈ பெருகி நிற்கும். சோதிக்க வேண்டிய வரிசைகளுக்கு இடையிடையே, நோய்க்கு எளிதில் ஆட்படும் கோ 5 போன்ற உளுந்தை வேண்டுமென்றே விதைப்பார்கள். அந்த வரிசைகள் மஞ்சளாகி ஈக்களுக்கு வைரஸை ஊட்ட, ஈக்கள் மற்ற வரிசைகளுக்கு அதைக் கொண்டுபோகும். ஒவ்வொரு செடிக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவார்கள். நோயே தெரியாதது 1, முழுவதும் மஞ்சளாகிப்போனது 9. சுற்றிலும் மஞ்சளாகக் கிடக்கும் வயலின் நடுவே ஒரு வரிசை மட்டும் கரும்பச்சையாக நிற்பதைப் பார்ப்பவருக்கு, எதிர்ப்புத்திறன் என்ற சொல்லின் பொருள் அப்போதே விளங்கிவிடும்.

வம்பன் 6, வம்பன் 7 ஆகிய இரு உளுந்து இரகங்களின் பிறப்பைப் பார்த்தால், இரண்டிலும் ஒரு பக்கத்துப் பெற்றோர் காட்டு உளுந்து. தாவரவியலார் அதை விக்னா முங்கோவின் சில்வெஸ்ட்ரிஸ் வகை என்பார்கள். நாம் இட்லிக்கு அரைக்கும் உளுந்தின் மூதாதை அதுதான். இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில், குறிப்பாக மகாராஷ்டிரப் பகுதியில், புதரோடு புதராகப் படர்ந்து வளர்கிறது. வம்பன் 1 இரகத்தை அதனோடு கலந்து வந்தது வம்பன் 6. வம்பன் 3 இரகத்தை அதனோடு கலந்து வந்தது வம்பன் 7. மஞ்சள் தேமலைத் தாங்கும் இரகங்கள் என்று இன்று விதைக் கடையில் இவற்றைக் கேட்டு வாங்குகிறோம். அந்தத் தாங்குதிறனுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருப்பது, ஒரு பொட்டு விதைகூட விலைக்கு விற்காத ஒரு காட்டுக் கொடிக்கு.

இந்தக் கலப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது, ஏனெனில் சொல்லும்போது எளிதாகத் தோன்றும் ஒன்று, கையால் செய்யும்போது எவ்வளவு பொறுமையைக் கேட்கிறது என்பது அப்போதுதான் தெரியும். உளுந்துப் பூ மலர்வதற்கு முன்பே, மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தன் சூல்முடியில் கொட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே மறுநாள் காலை விரியப்போகும் மொட்டை முந்தின மாலையே கண்டுபிடிக்க வேண்டும். பட்டாணி அளவுகூட இல்லாத அந்த மொட்டை இடது கையின் இரு விரல்களுக்கு நடுவே பிடித்து, மேலிதழையும் சிறகிதழ்களையும் மெல்ல ஒதுக்கி, சங்குபோல் சுருண்டிருக்கும் அடியிதழை ஊசிமுனை இடுக்கியால் கீறித் திறந்தால், ஒன்பது ஒட்டியும் ஒன்று தனித்துமாகப் பத்து மகரந்தத்தாள்கள் தெரியும். பத்தையும், சூலகத்தண்டில் கீறல் படாமல், ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் உழைப்பு வீண். மறுநாள் காலையில் காட்டுச் செடியின் பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவி, நூல் கட்டி அடையாளச் சீட்டு மாட்டுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால், கட்டிய நூல்களில் பெரும்பாலானவை வெறும் காம்பில் தொங்கும், பூ உதிர்ந்திருக்கும். தங்கிய சில காய்களில் கிடைக்கும் ஒரு கைப்பிடி விதையில் இருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

அந்த விதை முளைத்துவந்த தலைமுறையிலும் அதற்கடுத்த தலைமுறையிலும் காட்டின் குணங்கள் எல்லாம் வெளியே வரும். செடி நிமிர்ந்து நிற்காமல் கொடியாக ஓடும். காய் முற்றியதும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறடிக்கும். விதை சிறுத்து, கடினமாக இருக்கும்; ஒரே நாளில் விதைத்தாலும் ஒன்று இன்று முளைக்கும், மற்றொன்று மூன்று வாரம் கழித்து முளைக்கும். காட்டில் பிழைப்பதற்கு இவை எல்லாம் வேண்டிய குணங்கள்; வயலில் ஒன்றும் வேண்டாதவை. எனவே நோய் எதிர்ப்பு இருக்கும் செடிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, அவற்றை மீண்டும் மீண்டும் நல்ல இரகத்தோடு பிற்கலப்புச் செய்து, ஒவ்வொரு முறையும் மஞ்சள் வயலின் நடுவே நிறுத்திச் சோதித்து, காட்டுக் குணங்களைப் படிப்படியாகக் கழிக்க வேண்டும். எதிர்ப்பு மரபணுவுக்குப் பக்கத்திலேயே வேண்டாத மரபணு ஒன்று ஒட்டியிருந்தால், அதைப் பிரிக்க ஆயிரக்கணக்கான செடிகளில் தேட வேண்டியிருக்கும். மரபணு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களான மூலக்கூறு குறிப்பான்கள் வந்த பிறகு, நாற்றுப் பருவத்திலேயே ஒரு துளி இலையை எடுத்துப் பார்த்துத் தேவையற்ற செடிகளை நீக்க முடிகிறது. என்றாலும் முதல் கலப்பிலிருந்து விவசாயியின் கைக்கு விதை சேரும் வரை பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆவது வழக்கம்.

பயிருக்கே இல்லாத எதிர்ப்பு, காட்டுச் சொந்தத்துக்கு எப்படி இருக்கிறது? காரணம் பயிராக்கத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. தென்னிந்தியப் புதிய கற்கால வாழிடங்களில் பாசிப்பயறும் கொள்ளும் கரிந்த மணிகளாகக் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பழைய பயிர்கள் இவை. அன்று அந்த மக்கள் தேடியது வெடிக்காத காயையும், பெரிய விதையையும், விதைத்ததும் முளைக்கும் இயல்பையும். அந்தக் குணங்கள் தற்செயலாக வாய்த்த சில செடிகளின் வழித்தோன்றல்களே நம் இரகங்கள். ஒரு பெரிய காட்டிலிருந்து சில கைப்பிடி விதையை எடுத்து வந்து அதையே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கியதுபோன்ற நிலை. அந்தக் கைப்பிடியில் இடம்பெறாத மரபணுக்கள் காட்டிலேயே தங்கிவிட்டன. வயலில் மனிதன் காவல் இருக்க, காட்டில் செடிக்குக் காவல் அதன் உடம்புதான். நோய்களோடும் பூச்சிகளோடும் மல்லுக்கு நின்று பிழைத்தவை மட்டுமே அங்கே விதை விட்டுச் சென்றன.

எல்லாக் காட்டுச் சொந்தங்களும் ஒரே தூரத்தில் இல்லை. ஹார்லன், டி வெட் என்ற இரு அறிஞர்கள் 1971ஆம் ஆண்டில் இதை மூன்று வட்டங்களாகப் பிரித்துச் சொன்னார்கள். நம் உறவுமுறையில் வைத்துச் சொன்னால் விளங்கும். முதல் வட்டத்தில் இருப்பவை பங்காளிகள். கலந்தால் தடையின்றி விதை பிடிக்கும், பிறக்கும் செடியும் வளமாக இருக்கும். உளுந்துக்குக் காட்டு உளுந்து அப்படி. இரண்டாம் வட்டத்தில் இருப்பவை ஒன்றுவிட்ட சொந்தம். விதை பிடிக்கும், ஆனால் பிறப்பவற்றில் பல மலடாக இருக்கும். பாசிப்பயறுக்கு உளுந்தே இந்த வகையில் உதவியிருக்கிறது; பந்த் மூங் 4 என்ற பாசிப்பயறு இரகம், இரண்டையும் கலந்து பெற்றது. மூன்றாம் வட்டத்தில் இருப்பவற்றைப் பெயரளவில்தான் சொந்தம் என்று சொல்ல வேண்டும். அவற்றோடு கலந்தால் கரு உருவாகிச் சில நாளிலேயே இறந்துவிடும். அப்போது காய் உதிர்வதற்கு முன்பே அதைப் பறித்து, நுண்ணோக்கியின் கீழ் கடுகளவுகூட இல்லாத கருவை வெளியே எடுத்து, ஊட்டக் கூழில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

மூன்று வட்டங்களையும் ஒரே பயிரில் காண வேண்டுமென்றால் துவரையைப் பார்க்கலாம். அதன் நேர் மூதாதை கஜானஸ் கஜானிஃபோலியஸ், ஒடிசா, சத்தீஸ்கர் பக்கத்துக் காடுகளில் இருக்கிறது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972இல் தொடங்கப்பட்ட, வறண்ட நிலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டைச் சேர்ந்தவர்கள், இந்த மூதாதையின் உயிரணுச் சாற்றை (சைட்டோபிளாசத்தை)த் துவரையின் மரபணுக்களோடு சேர்த்தபோது, மகரந்தம் வளமற்றுப்போன துவரைச் செடிகள் கிடைத்தன. அந்த ஆண்மலட்டுச் செடிகளைத் தாயாகக் கொண்டு வீரிய ஒட்டுத் துவரை விதையைப் பெரிய அளவில் உண்டாக்க முடிந்தது. 2010இல் மத்தியப் பிரதேசத்தில் வெளியான ஐசிபிஹெச் 2671 அப்படி வந்தது. வாடல் நோயையும் மலட்டுத் தேமலையும் அது தாங்குகிறது. மலட்டுத் தேமல் என்பது கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப்பேன் பரப்பும் வைரஸ் நோய். செடி சாகாது, பச்சையாகப் புதராக வளரும், ஆனால் பூக்காது. காய் வருமென்று மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாறும் விவசாயிக்கு, செடி செத்துப்போவதைவிட இது கொடியது என்றே எனக்குத் தோன்றும். வேறொரு காட்டு இனமான கஜானஸ் பிளாட்டிகார்பஸ் மூன்றாம் வட்டத்தைச் சேர்ந்தது. பைட்டோப்தோரா கருகல் நோயை எதிர்ப்பது. அதனோடு துவரையைக் கலக்க, மேலே சொன்ன கரு மீட்பு முறை தேவைப்பட்டது.

துவரையின் சொந்தங்களுள் நம் மலைகளுக்கு உரியவையும் உண்டு. கஜானஸ் டிரைநெர்வியஸ் என்னும் மஞ்சள் பூப் புதர்ச்செடி, தென்னிந்தியாவின் உயர்ந்த மலைகளிலும் இலங்கையிலும் வளர்வது. நீலகிரியின் புல்வெளியும் சோலையும் சந்திக்கும் ஓரங்கள் அதற்கு ஏற்ற இடம். கஜானஸ் ஸ்காராபியாய்டிஸ் என்பதோ மலையடிவாரத்திலும், சாலையோரத்திலும், காப்பித் தோட்டத்துக் கல்லுக்கட்டிலும் சாதாரணமாகக் கிடைக்கும் கொடி. அதைப் பார்க்க நின்று குனிய வேண்டும். மூன்று சிற்றிலைகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவில், அடிப்பக்கம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். பூ சிறியது, மஞ்சள். காய் ஓர் அங்குலம்தான் இருக்கும், விதைகளுக்கு நடுவே குறுக்காகப் பள்ளம் விழுந்திருக்கும். விரலால் தடவினால் கம்பளித் துணியைத் தொட்டதுபோல் இருக்கும். அந்தச் சொரசொரப்பில்தான் விஷயமே இருக்கிறது. பச்சைக் காய்ப்புழு முட்டையிலிருந்து வெளிவரும்போது ஒரு நூல் துணுக்கின் அளவுதான் இருக்கும். நெருக்கமான அந்தக் குட்டை முடிகளைத் தாண்டி அதன் வாய் காயின் தோலை எட்டுவதில்லை. நம் துவரங்காயின் மேல் அந்த முடி அவ்வளவு அடர்த்தியாக இல்லை. புழு துளையிட்டு உள்ளே போய் மணியைத் தின்கிறது. களை பறிக்கும்போது இந்தக் கொடியைக் கொத்தாக இழுத்து வரப்பில் வீசுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வீசுபவர்களைக் குறை சொல்ல முடியாது, அது என்ன கொடி என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

எதிர்ப்பு இருந்தும் கைக்கு எட்டாத சொந்தங்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. விக்னா வெக்சில்லாட்டா என்ற கொடி நம் மலைப் புல்வெளிகளிலும் இருக்கிறது. ஊதா நிறத்தில் பெரிய பூ, மண்ணுக்குள் உண்ணத்தக்க கிழங்கு. தட்டைப்பயறைத் தாக்கும் பல பூச்சிகளை அது எதிர்க்கிறது என்று தெரிந்து, நைஜீரியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் பல ஆண்டுகள் கலப்புக்கு முயன்றார்கள். கூடவில்லை. கடைசியில் தட்டைப்பயறின் காய்த்துளைப்பானுக்கு எதிராக, பாக்டீரியாவிலிருந்து எடுத்த மரபணுவைப் புகுத்திய இரகம் 2019இல் அந்த நாட்டில் அனுமதி பெற்றது. நம் ஊர் நரிப்பயறும் இப்படிப்பட்டதுதான். வறட்சியைத் தாங்கி, கால்நடைக்குத் தீவனமாகி, பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு உணவுமாகி வந்த பயறு அது. ஆனால் பாசிப்பயறோடு அதைக் கலந்தால் பெரும்பாலும் மலட்டுச் செடிகளே கிடைக்கின்றன.

சேமிப்பில் விழும் வண்டுக்கும் காட்டில்தான் விடை கிடைத்தது. மடகாஸ்கரில் சேகரித்த டிசி 1966 என்ற காட்டுப் பாசிப்பயறை வண்டு துளைப்பதில்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980களில் கண்டறிந்தார்கள். ஒரே ஒரு மரபணு அதற்குக் காரணம் என்பதால் கலப்பு எளிதாயிற்று. ஆனால் வண்டைக் கொல்லும் பொருள் மனிதருக்குத் தீங்கு செய்யுமா என்ற கேள்வி உடனே எழுந்தது, எழவும் வேண்டும். காட்டிலிருந்து வரும் எந்த எதிர்ப்பையும் உண்ணும் மணிக்குள் கொண்டுவருமுன் உணவுப் பாதுகாப்புச் சோதனைகள் செய்தாக வேண்டும்.

இதுவரை சொன்னவை இந்த நாட்டோடும் அண்டை நிலங்களோடும் தொடர்புள்ள பயறுகள். மலை விவசாயியின் வருமானத்துக்கு உயிராக இருக்கும் பீன்ஸின் கதை வேறு. கொடைக்கானல் பட்டர் பீன்ஸும், கீழ்ப்பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கும், நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கும் மூட்டை மூட்டையாக இறங்கும் பீன்ஸும் மெக்சிகோவிலும் ஆண்டிஸ் மலைத்தொடரிலும் பயிரானவை. மூடுபனி நாள்களில் இலையில் துரு பிடித்து, காயில் குழிந்த கரும்புள்ளி விழும்போது, அதற்கான எதிர்ப்பை நம் சோலைகளில் தேடிப் பயனில்லை. அதன் பங்காளிகள் அங்கே இருக்கிறார்கள். மெக்சிகோவின் காட்டு பீன்ஸ் விதையில், சேமிப்பு வண்டை எதிர்க்கும் ஒரு புரதம் இருப்பதைக் கண்டு, அர்செலியா என்ற ஊரின் பெயரால் அதை அர்செலின் என்றழைத்தார்கள். பாக்டீரியக் கருகலுக்கான எதிர்ப்பு, வறண்ட நிலத்தில் விளையும் டெப்பாரி பீன்ஸிலிருந்து கரு மீட்பின் வழியே வந்தது.

அயல்நாட்டுக் காட்டுச் செடிகளை நாம் சார்ந்திருப்பது நிலக்கடலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். அரக்கிஸ் கார்டனாசி என்ற காட்டுக் கடலை பொலிவியாவில் சேகரிக்கப்பட்டது. 20 குரோமோசோம் உடைய அதை, 40 குரோமோசோம் உடைய நிலக்கடலையோடு 1960களில் வட கரோலினாவில் கலந்தார்கள். அதன் வழித்தோன்றல்கள் இக்ரிசாட்டுக்கு வந்தன; அங்கிருந்து தார்வாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஜிபிபிடி 4 போன்ற இரகங்களுக்குச் சென்றன. பருவத்தின் பிற்பகுதியில் வரும் இலைப்புள்ளி நோயையும் துரு நோயையும் தாங்கும் பண்பு இப்படியே வந்து சேர்ந்தது. அந்த ஒரு சேகரிப்பின் மரபணுத் துண்டுகள் இன்று பல நாடுகளின் கடலைகளில் இருப்பதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. விதை நாடு விட்டு நாடு தடையின்றிச் சென்ற காலத்தில் நடந்தது அது. 2004இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுப் பயிர் மரபுவள ஒப்பந்தத்தின் பொதுப் பகிர்வுப் பட்டியலில் துவரை, கொண்டைக்கடலை, பீன்ஸ், தட்டைப்பயறு ஆகியவை இருக்கின்றன, நிலக்கடலை இல்லை.

எதிர்ப்பைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு நீலகிரி உருளைக்கிழங்கு ஒரு சான்று. மெக்சிகோவின் காட்டு உருளையான சொலானம் டெமிஸம் தந்த, ‘பின் கருகல்’ என்னும் நோய்க்கான எதிர்ப்போடு 1968இல் வந்த குஃப்ரி ஜோதி, ஊட்டிப் பகுதியில் பெரிதும் விரும்பிப் பயிரிடப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல, நோய்க்கிருமி மாறியது, எதிர்ப்பு தளர்ந்தது. கோதுமையிலும் இந்த மலைகளுக்கு ஒரு பங்கு உண்டு. சமவெளியின் கோடையைத் தாங்காத துருப் பூஞ்சை, நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் பிழைத்திருந்து மத்திய இந்தியாவுக்குப் பரவுகிறது. குன்னூர் அருகே வெலிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை ஆய்வு நிலையம் இருப்பது இதனால்தான். கோதுமையின் காட்டுப்புல் உறவினரிடமிருந்து வந்த துரு எதிர்ப்பு மரபணுக்களை அங்கே இரகங்களில் சேர்த்திருக்கிறார்கள். பயறு வகைகளுக்கும் இதே பாடம் பொருந்தும். ஒரே மரபணுவை நம்பிய எதிர்ப்பு, நோய்க்கிருமி மாறும் வரைதான் நிற்கும். ஆகவே ஒரே பயிரின் பல காட்டுச் செடிகளில், பல இடங்களில், பல மரபணுக்கள் நமக்குத் தேவைப்படும். இன்று தேவையில்லை என்று தோன்றுவதும் இருபது ஆண்டு கழித்துத் தேவைப்படலாம்.

மரபணு வங்கிகள் அதற்காகவே இருக்கின்றன. டில்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவள அமைப்பு உறைகுளிரில் விதைகளைக் காக்கிறது. அதன் திருச்சூர் நிலையம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப் பயறுகளைத் தேடிச் சேகரித்திருக்கிறது. பெரும் பணி அது. ஆனால் குளிர் அறையில் இருக்கும் விதை, எடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். வெளியே நோய் மாறும்போது அதனோடு சேர்ந்து மாறுவது மலையில் உயிரோடு நிற்கும் செடி மட்டுமே. அந்தச் செடிக்கு இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பழனி மலையின் உயர்ந்த பகுதிப் புல்வெளிகள் நான்கு பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டன என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சீகை, தைல மரத் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. கீழ்ப்பகுதியில் உண்ணிச்செடி புதர் மண்டி, அடியில் வேறெதையும் வளரவிடுவதில்லை. வரப்புகளில் களைக்கொல்லி அடிப்பது வழக்கமாகிவருகிறது. மரம் நட்டால் பசுமை என்று நினைக்கும் நம் பழக்கத்தில், புல்லுக்குள் மறைந்திருக்கும் கொடி எவர் கணக்கிலும் வருவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஊராட்சிதோறும் தயாரிக்க வேண்டிய பல்லுயிர்ப் பதிவேடுகளில் மூலிகைகளுக்கும் மரங்களுக்கும் அடுத்து இந்தக் காட்டுப் பயறுகளின் பெயரும், அவை எந்த ஓடைக்கரையில், எந்தக் கல்லுக்கட்டில் இருக்கின்றன என்ற குறிப்பும் இடம்பெற வேண்டும். மலையில் பிறந்து வளர்ந்த பளியர், புலையர் மக்களின் துணையோடு செய்தால் அந்தக் குறிப்பு முழுமையாக இருக்கும்.

சேகரிப்பதிலும் காட்டுப் பயறு தன் இயல்பை விட்டுக்கொடுப்பதில்லை. வனப்பகுதியில் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். சொந்த வரப்பில் இருப்பதைக் கவனிக்கக் காலம் தெரிந்தால் போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழி, தை மாதங்களில் காய்கள் பழுப்பாகும். பழுத்த காயை வெயில் ஏறிய பிறகு தொட்டால், கையிலேயே சிட்டென்று வெடித்து, இரு தோலும் திருகாணிபோல் முறுக்கிக்கொள்ள, விதை புல்லுக்குள் தெறித்துவிடும். ஆகவே பனி ஈரம் காயுமுன் காலையிலேயே பறிக்க வேண்டும், அல்லது காய் இன்னும் பச்சையும் பழுப்புமாக இருக்கும்போதே மல்துணிப் பையைக் கொத்தின்மேல் கட்டிவைக்க வேண்டும். பைக்குள் விழும் விதை மிளகில் பாதிகூட இருக்காது. அதை அப்படியே மண்ணில் போட்டால் முளைக்க மாதங்கள் ஆகலாம். முளை வெளிவரும் கண் இருக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கத்துத் தோலை பிளேடால் இலேசாகக் கீறி, ஓரிரவு நீரில் ஊறவைத்தால், சில நாள்களில் வெள்ளை முளை வெளியே வருகிறது.